காக்காவின் கடைக்கு முன்னால்

ஜூன் 9, செவ்வாய்

கச்சான் காற்று. காலையிலேயே வாயெல்லாம் மணல். ஆஸ்பத்திரியில் என் மருந்துக் கவுண்டருக்கு முன்னால் வரிசை வாசல் வரை. எல்லோருக்கும் சீனி, எல்லோருக்கும் பிறஷர். எல்லோரிடமும் டாக்டர் சொல்லி அனுப்புகிறார், உடம்பை அசையுங்கள் என்று. ஒருவரும் அசைவதில்லை. எனக்கும் சீனி. நான் அசையப் போகிறேன்.

மத்தியானம் சைக்கிள் கிளப் செயலாளர் ஹாரிஸ் தம்பிக்குப் போன். ஞாயிறு சவாரி, கல்முனையிலிருந்து ஒலுவில் வரை. போட்டி இல்லை. சும்மா கூட்டாகப் போவது.

"பொம்புளயள் வரலாமா தம்பி?"

"வரக்கூடாது எண்டு எங்கயும் இல்ல ராத்தா. ஆனா இதுவரைக்கும் ஒருத்தரும் வரல்ல."

"அப்ப நான் வாறன்."

ஒரு விதியும் சொன்னான். போன முறை புதிதாக வந்த ஒருவரை நிந்தவூரில் விட்டுவிட்டு எல்லோரும் பறந்துவிட்டார்களாம். அதிலிருந்து, ஆக மெதுவாக மிதிக்கிறவர்தான் முன்னுக்கு. அவரை யாரும் முந்தக்கூடாது. நல்ல விதி.

ஜூன் 10, புதன்

காற்று அப்படியே. செய்ய வேண்டியவை: பின் டயருக்குக் காற்று. செயினுக்கு எண்ணெய். அபாயாவின் கீழ்ச்சுற்றைக் குறைத்துத் தைக்க (போன மாதம் செயினில் மாட்டிக் கிழிந்தது). பேரீச்சம்பழம்.

ஒரு வருடமாக வயல் வீதியில் மட்டும்தான் ஓடுகிறேன். சுபஹு தொழுகைக்குப் பிறகு, கொக்குகளுக்கு மட்டும் தெரிய. கொக்குகள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இரவு மச்சானிடம் சொன்னேன். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் எதற்கும் குறுக்கே நிற்காத புருஷன், பக்கத்திலும் நிற்காதவர். பேப்பரை இறக்காமலே, "உன்ட காக்கா கேட்டா எனக்குத் தெரியாது எண்டுதான் சொல்லுவன்."

"சொல்லுங்க."

ஜூன் 12, வெள்ளி

ஜும்ஆ முடிந்த கையோடு காக்கா வந்தார். பள்ளியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நாப்பத்தாறு வயசுல சைக்கிளா? அதுவும் ஆம்புளயளோடயா?"

"ஒரு சைக்கிள்ல ஒராள்தான் காக்கா."

"பகிடி உடாத. இந்த ஊட்ட ஆர் கட்டித் தந்த?"

அதைச் சொல்வார் என்று தெரியும். உண்மைதான். சவூதி வெயிலில் காய்ந்து, தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டு, தங்கச்சி எனக்குச் சீதன வீடு கட்டித் தந்தவர். ஞாயிறு பின்னேரம் தவறாமல் மீனோடு வருகிறவர். அதை மறந்தால் நான் மனுசியில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊடு நீங்க தந்த, ஓம். றோட்டு கவுண்மெந்துட."

முகம் கறுத்துவிட்டது. "மெயின் றோட்டுல எண்ட கடைக்கு முன்னால உன்னச் சைக்கிள்ல கண்டா, இந்த வாசல மிதிக்க மாட்டன்." தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார்.

அவருக்கு ஊற்றிய தேத்தண்ணியை, சீனி போட்டது என்றும் பாராமல், நானே குடித்து முடித்தேன். கோபமா, பயமா, தெரியவில்லை.

ஜூன் 13, சனி

ஹாரிஸ் தம்பி போன். குரலில் ஒரு நெளிவு. "ராத்தா, உங்களுக்காகப் பாதைய மாத்தியிருக்கம். சாய்ந்தமருதுல மெயின் றோட்ட உட்டுப்போட்டுக் கடற்கர வீதியால போவம். ஆக்கள்ட கண்ணுல படாது."

காக்காவின் கடை இருக்கும் துண்டு அதுதான். எனக்காகவாம். நான் கேட்டேனா?

"பாப்பம்" என்றேன். போகாமலே விட்டால் என்ன என்று ஒருமுறை நினைத்தேன். பிறகு அபாயாவை அயன் பண்ணினேன்.

ஜூன் 14, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ். வரிசையாக எழுதுகிறேன்.

கல்முனையில் இருபது பேரளவில், அத்தனையும் ஆண்கள். பாதிப்பேர் என் கவுண்டருக்கு வருகிறவர்கள். யாருக்கு என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியும். வாய் திறக்க மாட்டேன். அது அவர்களுக்கு நிச்சயமில்லை போலும், மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

தொந்தி வைத்த ஒரு மாமா: "மிஸ், பின்னால வேன் வருது. தண்ணியும் வாழப்பழமும் அதுலதான். நீங்களும் அதுல வரலாமே."

"நான் வாழப்பழம் இல்லயே மாமா."

சிரிப்பு. ஹாரிஸ் தம்பி என்னைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான். "ராத்தா முன்னுக்குப் போங்க." நான்தான் ஆக மெதுவாம். மிதித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் திருத்தவில்லை.

சாய்ந்தமருது. கடற்கரை வீதிக்குத் திரும்பும் சந்தி. "ராத்தா, இடது!" நேரே போனேன். "ராத்தா! இடது பக்கம்!" முந்தி வந்து மறிக்க ஒருவராலும் முடியாது, விதி அவர்கள் போட்டது. சந்தியில் கொஞ்சம் குழம்பிவிட்டு அத்தனை பேரும் என் பின்னால்.

மெயின் றோட்டு. ஹோட்டல் வாசல்களில் தேத்தண்ணி பாதியில் நின்றது. "மருந்து குடுக்கிற மிஸ்தானே அது?" ஓம், அவதான்.

காக்கா ஷட்டரை உயர்த்திக்கொண்டு நின்றார். குனிந்துகொண்டு வேகமாய்க் கடந்துவிடு என்றது கால். நான் பிறேக்கைப் பிடித்தேன். ஆக மெதுவான ஆள்தானே, இன்னும் மெதுவானேன். முழுக் கிளப்பும் பின்னால் ஊர்ந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா!" தொண்டை கிழிய.

சலாத்துக்குப் பதில் சொல்லாமல் விட அவரால் முடியாது. உதடு அசைந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் விட்டார்களா? "அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார்", "அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார்", ஒவ்வொருவராக. கடைசி ஆள் போகும்வரை ஷட்டரைப் பிடித்தபடியே பதில் சொல்லிக்கொண்டு நின்றாராம். ஹாரிஸ் தம்பி சொன்னான்.

காரைதீவு தாண்டியதும் பிறேக்கை விட்டேன். மூச்சு முட்ட மிதித்தேன். ஒலுவிலில் திரும்பிப் பார்த்தால் தொந்தி மாமா வேனுக்குள், வாழைப்பழக் குலையோடு.

பின்னேரம் காக்கா வரவில்லை. மச்சான் இரண்டு முறை வாசலைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். மஃரிப் பாங்கு வரை பார்த்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன். மீன் இல்லை, இரவுக்குக் கத்தரிக்காய்.

ஜூன் 15, திங்கள்

காற்று குறைவு. தொடை இரண்டும் கட்டையாகிவிட்டன. கவுண்டரில் நின்றபடியே வேலை.

மத்தியானம் மதினி போன். காக்கா பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பது எனக்கே கேட்டது.

"அடுத்த முறையும் கடைக்கு முன்னாலயா எண்டு கேக்கச் சொல்றார்."

"ஓம் எண்டு சொல்லுங்க மதினி."

"அப்ப அண்டைக்குக் கட தொறக்க மாட்டாராம்."

"தொறக்காட்டி ஷட்டருக்குச் சலாம் சொல்லிட்டுப் போவன் எண்டு சொல்லுங்க."