நாற்பதாம் நாளில் ஓர் ஓசி டிக்கெட்

ஷாஜாதி,

நேற்று அண்ணன் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, உபைதுல்லா அண்ணன், ஷாஹீதா அண்ணி, உன் தம்பி வஹாப். அத்தனை பேர் எதிரில், "என் மைல்ஸ்ல எடுத்த ஓசி டிக்கெட்டு. நைட் ஷிப்டையும் வுட்டுட்டு சும்மாதானே கீறீங்க, கெளம்புறதுக்கு இன்னா?" என்றாய்.

பத்தொன்பதாம் தேதி, என் அத்தா இறந்த நாற்பதாம் நாள், அவருக்காக ஓதும் பாத்திஹா. டிக்கெட்டும் அதே தேதிக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

நான் விட்ட வேலையே விமானக் கம்பெனிக்கு வரும் போனை எடுப்பதுதான். பறந்து பறந்து சேர்த்த மைல்ஸ் பாயின்ட் யாருடையதோ, அவர் கேட்டால்தான் தேதியை மாற்றுவார்கள். உனக்குத் துபாயில் டூட்டி இருந்தால் நீ முன்னால் போ. என் டிக்கெட்டை இருபதுக்கு மாற்று, துபாய்க்கு வருகிறேன். மாற்றாவிட்டால் அந்த சீட் காலியாகப் போகட்டும்.

ஹபீபுல்லா

கறிக்குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. உன் வயிற்றுப் புண்ணுக்காகக் காரம் குறைத்திருக்கிறேன்.

பாத்திஹாவுக்கு ஆடு பார்க்கத் தென்னேரி போகிறேன். உன்னிடம் சாவி இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.