உங்கள் ரீலுக்குப் புது நூல்

மூன்று மாதத்துக்கு முன் பரணைத் துடைக்க ஏறியவள் உங்கள் தூண்டில் பையைத் திறந்துவிட்டேன். குப்பென்று உப்பு வாடை. மலையடிவாரத்து ராஜபாளையத்தில் ஒரு வீட்டுக்குள் கடல் வாடை அடிக்கிறதென்றால் அதற்கு நீங்கள் ஒருத்தர்தான் காரணம்.

அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். மகள் போனில், "அப்பாவே இல்லாதப்ப அது எதுக்கு? யாருக்காவது குடுத்துரும்மா, இடத்தை அடைச்சிக்கிட்டு" என்றாள். கொடுத்திருப்பேன். ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு ஓடினீர்களே, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? மீன் கொண்டுவந்த நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாளாவது "நீயும் வாயேன்" என்றிருப்பீர்களா?

பையிலிருந்த தூண்டில் ரீலை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தூண்டில் கடைக்குப் போனேன். நீங்கள் இதை வாங்கிய அன்றும் நான் அங்கே நின்றவள்தான். கோயிலுக்கென்று கூட்டிப்போய்க் கடையில் பொழுதைக் கழித்தீர்கள். கடைக்காரர் பெரிய ரீலாக எடுத்துப் போட, "பெருசு வாங்கினா மீனும் பெருசா வருமாக்கும்? நாள் பூரா வீசணும்யா, தோள்பட்டை தாங்க வேண்டாமா" என்று நடுத்தரமாக ஒன்றை எடுத்தீர்கள். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டீர்கள். எனக்குச் சேலை எடுக்கையில்கூட அத்தனை நேரம் நின்றதில்லை.

இப்போது அதே கடைக்காரர் நூலை நகத்தால் சுண்டிப் பார்த்து, "இத்துப் போச்சுக்கா, வீசினா அத்துக்கிட்டுப் போயிரும். உருவிப் போட்டுட்டுப் புதுசு ஏத்துங்க. கம்மாய்க்கா, கடலுக்கா?" என்றார்.

"கடலுக்கு."

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தடித்த நைலானை எடுத்து வைத்தார். வேண்டாம், தடித்தால் தூரம் போகாது. மெல்லிசான பின்னல் நூல் கொடுங்கள், பாறையில் உரசுகிற நுனிக்கு மட்டும் நைலான் போதும் என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உங்கள் பேச்சைக் காதில் வாங்கியதே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

வீட்டில் பழைய நூலை உருவும்போதுதான் நினைவுக்கு வந்தது. அது நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏற்றியது. நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து கொண்டுவரும் வெட்டுத் துணியை நனைத்து, அதற்குள் நூலை விட்டு என் விரலில் கொடுப்பீர்கள். "இறுக்கிப் பிடி. தொளதொளன்னு ஏறினா வீசும்போது சிக்கிக்கும்." வேலைக்கு நேரமாகிறதென்று நான் கடுகடுத்தால் சிரிப்பீர்கள். "கோவத்துலதான் நீ நல்லா இறுக்குத" என்று வேண்டுமென்றே வம்பிழுப்பீர்கள். இந்த முறை பக்கத்து வீட்டம்மா சுற்ற, நான் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். தூத்துக்குடிக் கடலோரப் பாறையில் நின்று நான் வீசிய முதல் வீச்சு என் காலடியிலேயே விழுந்தது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"இது ராசபாளையத்து அண்ணாச்சி ரீல்லா?"

நான் யாரென்று சொன்னேன். நீங்கள் இல்லை என்பதையும் சொன்னேன். தன் தூண்டிலைப் பாறையில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"அவிய நல்லா வீசுவாவம்மா. என்ன, வெயில் தாழுததுக்குள்ள பஸ்ஸுக்குக் கிளம்பிருவாவ. மீனு கரைக்கு வாரதே அதுக்குப் பொறவுதான். செத்த இருங்க அண்ணாச்சின்னு எம்புட்டோ சொல்லுவோம். வீட்டுல அவ தேடுவான்னுட்டுப் போயிருவாவ."

வெறும் பையோடு வாசலில் வந்து நின்றவரிடம், "கடல்ல மீனே இல்லையாக்கும்?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இதை எழுதும்போதும் உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். வீச்சு பழகிவிட்டது. பாரை மீன் நிறையவே கிடைக்கிறது. பொழுது அடைந்த பிறகும் நிற்கிறேன். என்னை வீட்டில் தேட ஆளில்லை.