சங்குப் போட்டிக்கு உன் பெயர்

ஹம்சினி அக்கா,

இரவு வேலைக்கு என்னைக் கூட்டிப்போகக் கால் சென்டர் வண்டி வந்துவிட்டது. அசந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. ரசம் அடுப்பில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. இடது கண் மூடவில்லை என்பதால், மறக்காமல் சொட்டு மருந்து விட்டு, படுக்கும்போது டேப் ஒட்டிக்கொள்.

பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி மிட்டு பௌதி, துர்கா பூஜைப் பந்தலில் நடக்கும் சங்கு ஊதும் போட்டிக்கு உன்னைக் கேட்டு வந்தார். நீ ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னாய், நான் சொல்லவில்லை. முக நரம்பு வீங்கி வாய் கோணியிருக்கிறது, பக்கவாதம் இல்லை, பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதையே சொன்னேன். "போன வருஷம் ஜெயிச்சவளாச்சே, பெயரை எழுதிவிட்டேன். வாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். முகத்தில் தேய்க்கக் கடுகெண்ணெய் கொண்டு வருவார். வாங்கி வை, தேய்க்காதே. உருளைக்கிழங்கும் கசகசாவும் போட்டு ஆலு போஸ்தோ செய்ய ஆகும்.

இந்த வேலைக்காக நான் காலேஜை விட்டதற்குக் காலையில் திட்டினாய். திரும்பப் போக மாட்டேன்.

சிவராம்

பி.கு.: திட்டும்போது உன் வாயின் இடது ஓரம் லேசாக அசைந்தது. இத்தனை நாள் அசையாத இடம். கோபத்தில் சொல்லாமல் விட்டேன். நாளை நான் வந்ததும் மறுபடி திட்டு, கண்ணாடி எதிரில் நின்று.