நான்காவது பொத்தானுக்கு விட்ட இடம்

என் அன்பான இஞ்சாருங்கோ,

உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இனியும் மாற்றப்போவதில்லை. நீங்கள் கண்மூடிய பிறகும் வெள்ளவத்தையில் எங்கள் மருந்துக்கடை நன்றாக நடக்கிறது. மருந்துப் பைகளுக்கு லேபல் அடிக்க நீங்கள் செய்த புரோகிராமும் ஓடுகிறது.

போன வருட நோன்பில், எங்களிடம் மருந்து எடுக்கும் பாமன்கடை மர்ளியா தலைசுற்றி விழுந்துவிட்டா. "லேபல்ல பகல் எண்டு ஈக்கி, மிஸிஸ். நோம்போட எப்பிடிக் குடிக்கிற? நோம்பு தொறந்து, பகலுக்கும் ராவைக்கும் உள்ளத சேத்துக் குடிச்சேன்" என்றா. அவவில் பிழையில்லை. காலை, பகல், இரவு என்ற மூன்று பொத்தான்களைத் தவிர உங்கள் திரையில் வேறென்ன இருந்தது?

இந்த வருட நோன்புக்கு முன் திருத்தவேண்டும் என்றேன். மகன் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியைக் கேட்டான். முழுவதையும் புதிதாக எழுதவேண்டும், பெருநாள் கழிந்துதான் தரலாம் என்றார்களாம். பிறகு ஆருக்கு அது?

அந்தப் புரோகிராமைச் செய்ய நீங்கள் கம்ப்யூட்டரில் பாவித்த சின்னக் கருவியை நானே திறந்தேன்.

"அம்மா, அதை இப்ப ஆர் பாவிக்கினம்?"

"நான்."

திரையை வரைந்து, பொத்தானை இழுத்து வைத்து, அதன் பின்னால் சில வரிகள் எழுதுவதற்குக் கம்பனி எதற்கு? நீங்கள் செய்தபோது பக்கத்தில் கதிரை போட்டிருந்து பிழை பிடித்தவள் நான். "மூண்டு பொத்தான் காணும், அதுக்கு மேல வேண்டாம்" என்றீர்கள். "வலப்பக்கம் இடம் விடுங்கோ" என்றேன். கொன்வென்ட் தையல் வகுப்பில், உள்மடிப்பில் துணி விட்டுத் தைக்கப் பழகியவள் அல்லவா? முணுமுணுத்துக்கொண்டே விட்டீர்கள். நினைவிருக்கிறதா?

அந்த இடத்தில் இப்போது 'நோன்பு' இருக்கிறது. அழுத்தினால் மற்ற மூன்றும் மறைந்து, விடியமுன் சாப்பிடும் 'ஸஹர் நேரம்', 'நோன்பு திறந்த பின்' என்று வரும். எந்த மருந்தை எப்போது எடுப்பது என்பதை டொக்டர் எழுதித் தரவேண்டும். அதில்லாமல் மகன் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்பது என் சட்டம்.

நேற்று மர்ளியா நோன்புக் கஞ்சியோடு வந்தா. லேபலை எனக்கே வாசித்துக் காட்டினா. "இப்ப செரி, மிஸிஸ். ஒங்கட மிஸ்டர் ஈந்தா சந்தோஷப்படுவார்."

"முதல்ல முணுமுணுப்பார்" என்றேன்.

'நோன்பு'க்குப் பக்கத்திலும் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அடுத்து யார், என்ன தேவையோடு படியேறி வருவார்களோ தெரியாது. யார் வந்தாலும் அவர்களுடைய பொத்தானை நானே அங்கே வைப்பேன்.

உங்களிடம் இன்னும் பிழை பிடிக்கும் மனைவி,
திலகவதி