தென்னங்குழிக்குப் போன சாசேஜ்

திருப்பூர்,
மாசி மாதம் இருபதாம் தேதி

சம்பந்தி மன்மாயா அம்மாளுக்கு நஞ்சம்மாள் கும்பிட்டு எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் மகள் பிமலா வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் நான்கு பேர். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தக் காலை வைத்துக்கொண்டு மலையில் ஏறித் தேயிலை பறிக்கிறீர்கள் என்று பிமலா சொல்லும்போதெல்லாம் எனக்கும் முழங்கால் குத்துகிறது. பிமலாவிடம் ஒரு தைல பாட்டில் கொடுத்து விட்டிருக்கிறேன். சூடு பறக்கத் தேயுங்கள்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு உங்கள் பேச்சு தெரியாது. பிமலா பனியன் கம்பெனியில் லேபிளும் பஸ் போர்டும் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்டப் பழகியவள். அவள் படித்து உங்களுக்குச் சொல்லட்டும் என்றுதான் எழுத்தைப் பெரிதாகவும் பிரித்தும் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் போனேன். ஆனால் அந்த ஐந்து வருஷமும் கையெழுத்துக்கு முதல் மார்க் எனக்குத்தான்.

வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. என் பேரன், உங்கள் மருமகன் பூபதி கூடவே வந்து உங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்புவான். அவனைப் பெற்றவள் போன பிறகு இந்தக் கையால் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை, நல்லபடி கொண்டு வந்து சேர்ப்பான். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நேற்று அவள் பெட்டி அடுக்குவதைப் பார்த்தேன். கல்யாணப் புடவை உள்ளே போனது. குளிருக்கான சால்வை போனது. சுவரில் மாட்டியிருந்தாளே ஒரு துர்க்கை படம், கல்யாணமாகி வந்த அன்று தானே ஆணி அடித்து மாட்டியது, அதையும் துணியில் சுற்றி உள்ளே வைத்தாள். பிரசவத்துக்குப் போகிறவளுக்குச் சுவரில் இருக்கிற படம் எதற்கு? எப்போது திரும்புவாய் என்று பூபதி கேட்டதற்குப் பார்க்கலாம் என்றாளாம். அவன் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதற்குக் காரணம் நான்தான். அது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பிமலா கண்ணு, இங்கிருந்து ஒரு வரியும் விடாமல் படிக்க வேண்டும். வெட்கப்பட்டு முழுங்கிவிடாதே.

தை பிறந்த வாரம் உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நீங்கள் கொடுத்தனுப்பிய பையைக் கொண்டு வந்து கொடுத்தாள். பிமலாவும் பூபதியும் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். கயிற்றில் கோத்த மாதிரி கறுப்புக் கறுப்பாய்ச் சாசேஜ், மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது, புகை வாடையோடு என்னென்னவோ வாடை. மூன்று நாள் ரயிலில் வந்த கறி, பூஞ்சை பிடித்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கு இதையா கொடுப்பது என்று தென்னைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். பையைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியிலும் காயப் போட்டேன். என் சமையலறைச் சுத்தத்தை இந்தத் தெருவில் யாரும் குறை சொன்னதில்லை, அந்தக் கர்வம்.

சாயங்காலம் பிமலா கொடியில் பையைப் பார்த்ததுமே முகம் மலர்ந்து, அம்மா கொடுத்து விட்டாங்களா அப்பாயி, எங்கீங்க என்று கேட்டாள். பக்கத்து வீட்டு மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவள் எனக்குத் தங்கச்சி முறை. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். கெட்டுப்போச்சு கண்ணு, பொதச்சுட்டேன், இந்த நாத்தத்தையா உங்கூர்ல திங்கறாங்க என்று கேட்டுவிட்டேன். மயிலாத்தாள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சரிங்க அப்பாயி என்றாள் உங்கள் மகள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் போட்டதைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு நான் கிளறறேன் தள்ளுங்க என்பவள் சமையலறை வாசற்படியை மிதிக்கவே இல்லை.

அது பூஞ்சை இல்லையாம், காய்ந்த சாசேஜ் அப்படித்தான் பூக்குமாம். பூபதி பிறகுதான் சொன்னான். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கேட்டதும் நீங்கள் கார்த்திகையிலேயே கறியை அரைத்து அடைத்து, அடுப்புக்கு மேலே நாற்பது நாள் தொங்கவிட்டீர்களாம். கேட்டதும் எனக்குத் தலையில் கல்லைப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் பேத்தி வயசுப் பெண்ணிடம் போய் நான் செய்தது தப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

போன வாரம் ஏழாம் மாதக் கட்டுச்சோறு. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள்தான் விதவிதமாய்ச் சோறு கட்டிக் கொண்டுவந்து பெண்ணுக்குப் போட்டு அழைத்துப் போக வேண்டும். உங்களுக்குக் கொழுந்து எடுக்கிற நேரம், லீவு கிடைக்கவில்லை. அதற்கு முந்தின நாளே, பொறந்த ஊட்டுச் சோறில்லாம அதென்னக்கா கட்டுச்சோறு என்று மயிலாத்தாள் ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் பிமலா இல்லாத நேரம் பார்த்துப் பூபதியைப் பிடித்து உங்களுக்கு வீடியோ போன் போடச் சொன்னேன்.

அவனுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சாசேஜ் குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டான். நீங்கள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னீர்கள். பூபதி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். என்னடா என்றேன். பார்சலில் வந்ததை அப்பாயி ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாங்களாமே, அதுக்குள்ள தீந்துபோச்சா, அடுத்த வருஷம் நிறைய அனுப்பறேன் என்று நீங்கள் சொல்கிறீர்களாம்.

சம்பந்தி, உங்கள் மகள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் சிரித்த சிரிப்பை உங்கள் காதுக்குப் போகவிடாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். நான் ஒரு துண்டும் தின்னவில்லை. ரெண்டாந்தரமும் கேட்கவில்லை. இதுதான் நிஜம்.

அன்றைக்கு நீங்கள் போனில் கையாலேயே எல்லாம் காட்டினீர்கள். சாய்வாக நறுக்க வேண்டும், ஓரம் சிவக்க வறுத்து எடுத்து வைக்க வேண்டும் என்றெல்லாம் புரிந்தது. கடைசியில் ஒரு ஆப்பிளைத் தூக்கிக் காட்டினீர்களே, அப்புறம் திராட்சை, அப்புறம் வெல்லம். கறிக்குழம்பில் வெல்லமா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இங்கே கடை ஐஸ் பெட்டியில் கோழிச் சாசேஜ்தான் கிடைத்தது. முதல் தடவை நம் கறி மாதிரியே நினைத்துக் குக்கரில் மூன்று விசில் விட்டுவிட்டேன். திறந்தால் எல்லாம் உப்பி வெடித்துக் கிடந்தது. பூபதி மட்டும் பாவம் என்று இரண்டு துண்டு தின்றான். மறுநாள் நீங்கள் காட்டியபடியே வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள் மல்லித்தூள் போட்டேன். கொதித்ததும் ஆப்பிள், திராட்சை, ஒரு சின்ன உருண்டை வெல்லம். மாங்காய்ப் பச்சடிக்கு நாமும்தானே வெல்லம் போடுகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரு பிடி தேங்காய் மட்டும் அரைத்து ஊற்றினேன். அது நீங்கள் சொல்லாதது, என் கை கேட்கவில்லை. வறுத்ததைக் கடைசியில் போட்டு ஒரே கொதியில் இறக்கினேன். நாக்கில் வைத்தால் முதலில் தித்திப்பு, பிறகு உப்பும் காரமும் மெல்ல ஏறுகிறது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கட்டுச்சோறு அன்று புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, எள்ளுச்சோறு எல்லாவற்றையும் இந்தக் குழம்பையும் மயிலாத்தாள் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு உங்களை மாதிரியே தலையில் துணி போட்டுக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு, தெரு வழியாக வந்து என் வீட்டுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி நுழைந்தேன். ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்கு நீங்களே சம்பந்தியா என்று மயிலாத்தாள் கேட்டாள். ஆமா, இன்னைக்கு நாந்தான் மன்மாயா, மலையிலிருந்து வந்திருக்கேன், மொதல்ல தண்ணி கொண்டா என்றேன். கட்டுச்சோத்துல கவிச்சி ஆகாதே என்றாள் மறுபடியும். அவுங்க ஊட்டுச் சீரு, அவுங்க வழக்கம், நீ பேசாம இரு என்றேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

பிமலா மூடியைத் திறந்தாள். வாசனை பிடித்தாள். கொஞ்ச நேரம் மூடியைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வெல்லம் பத்தலீங்க அப்பாயி என்றாள். ஒன்றரை மாதத்தில் அவளாக என்னிடம் சொன்ன முதல் குறை அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு அவளே சமையலறைக்கு வந்து, மிச்சக் குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துச் சாப்பிட்டாள். எனக்கும் ஒரு உருண்டை கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அப்போதுகூட என் வாய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அதற்கு அப்புறம்தான் அந்தப் படம் பெட்டிக்குள் போனது.

அதனால் இங்கே எழுதுகிறேன், அவள் வாயாலேயே உங்களுக்குப் படிக்கட்டும். நான் செய்தது தப்பு. நான் சிரித்தது அதைவிடப் பெரிய தப்பு. உங்கள் நாற்பது நாள் புகையையும் உங்கள் மகளின் ஆசையையும் மண்ணில் போட்டவள் நான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் இருவரையும் கேட்கிறேன்.

பிரசவம் நல்லபடி ஆகட்டும். ஆணோ பெண்ணோ, உங்கள் மூக்கோ எங்கள் நிறமோ எது வந்தாலும் சரி, கை கால் சுகமாய்ப் பிறந்து, இரண்டு பாட்டி வீட்டுச் சோற்றையும் தின்று நூறு வருஷம் இருக்கட்டும். அடுத்த கார்த்திகையில் எனக்கும் ஒரு கயிறு சாசேஜ் கட்டி வையுங்கள். அதை யார் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
நஞ்சம்மாள்

பிமலா கண்ணு, இது உனக்கு. இதையெல்லாம் கேட்டு அம்மா என்ன சொன்னாங்க என்று போனில் சொல்ல வேண்டாம். நேரில் வந்து சொல்லு. சுவரில் ஆணி அப்படியே இருக்கிறது.