கடல் படிப்புக்கே போறேன், அக்கா

அக்கா, முட்டை பொரிச்சு மூடி வச்சிருக்கேன், சாப்பிடு. குழாய் ரிப்பேர்காரர் வருவாரு, சிங்க் அடியில இருக்கிற வாளியை நகர்த்திடு.

"பஸ்ல ஏறினாலே வாந்தி எடுக்கக் கவர் தேடுறவளுக்குக் கடல் படிப்பு எதுக்குடி? என்னை மாதிரி சுற்றுச்சூழல் எடு, தரையில நின்னு வேலை பாக்கலாம்"னு ராத்திரி கத்தினியே, அப்போ இருந்த கோவத்துல ஒரு விஷயத்தை உன்கிட்ட சொல்லல. நேத்து காலேஜ்ல சேரப் போறவங்களைப் படகுல கூட்டிட்டுப் போனாங்க. நானும் போனேன். மூணு தடவை வாந்தி! படகுக்காரர் பாவம் பார்த்து, "கரைக்குத் திருப்பவாம்மா?"ன்னாரு. அப்போதான் துணி மாதிரி நெருக்கமான வலையில அள்ளின கடல் தண்ணியில ஒரு சொட்டை லென்ஸ் வச்சுக் காட்டினாங்க. உள்ள கண்ணாடி மாதிரி குட்டிக் குட்டி உயிரா துள்ளுதுக்கா! வாயைத் துடைச்சுட்டு அடுத்த சொட்டு கேட்டேன்.

இன்னைக்குத்தான் கடைசி நாள். கடல் படிப்புலயே சேர்ந்துட்டு வரேன்.

சொல்ல மறந்துட்டேன், மத்தியானம் போன் பண்றேன். திட்டுறதா இருந்தாலும் எடு.