பொட்டில்லாத படம்

14 ஜூன் 1985, வெள்ளி
நான் வேலை செய்யும் வீட்டில், மேடத்தின் ஹோலில் இன்று படப் பலகைகள். அவ ஒல்லாந்துக்காரி, இங்கே தோஹாவில் ரீச்சர். கிட்லர் காலத்தில் யூதர் என்பதற்காகவே கொல்லப்பட்ட தன் சொந்தக்காரரின் படங்கள், கீழே பேர், வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். ஒரு சட்டத்தில் படமே இல்லை, பேர் மட்டும். தூசி துடைக்கப் போன கை அதிலேயே நின்றுவிட்டது.

15 ஜூன்
பால் பொங்கி வழிந்தது. என்ன யோசனை எனக்கு?

21 ஜூன், வெள்ளி
நஜ்மாவில் எங்கள் ஆட்கள் வெள்ளியில் கூடும் இடத்தில் ஆனந்தராசா தம்பியிடம் பலகைகளைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது. 83 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் செத்த எங்கள் ஆட்களுக்கும் அப்படி வைக்கப் போகிறாராம்.
"அக்கா, மகன் தயாபரன்ர படத்தையும் தாங்கோ."
"அவன் செத்தவன் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? காணேல்லை. அவ்வளவுதான்."
பக்கத்து வீட்டில் வேலை செய்யும் குமுதினி சும்மா இருந்தாளா? "படத்தைப் பெட்டிக்குள்ள பூட்டி வைச்சா ஆரக்கா கண்டு சொல்லுறது? உங்கட சீலையளோ?"
சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம்.

2 ஜூலை
படத்தைக் கொடுத்துவிட்டேன். பொட்டு வைக்கக் கூடாது என்று மூன்று தரம் சொன்னேன்.

26 ஜூலை, வெள்ளி
நஜ்மாவில் வைத்த எல்லாப் படத்துக்கும் சந்தனப் பொட்டு. அவனுக்கும்! யாரோ பெண்டுகள், கைப்பழக்கத்தில். சீலைத் தலைப்பால் தேய்த்துத் துடைத்தேன்.
பின்னேரம் ஒருவர் வந்தார். கார்மேகம், மலைநாட்டார், இங்கே லொறி ஓடுகிறார். அவன் படத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததே —
"இவருக்கு மட்டும் பொட்டு இல்லியே! தம்பி தப்பிச்சிட்டாரா? இப்ப எங்கம்மா இருக்காரு?"
"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
கொழும்பில் இருவருக்கும் ஒரே கடையில் வேலையாம். "திங்கக்கிழம பகல், கடைக்கு நெருப்பு வச்சாங்க. பின்சுவத்துல என்னைய ஏத்தி விட்டாரு. நான் மேல இருந்து கைய நீட்டினேன்மா. அவரு பிடிக்கிறதுக்குள்ள கூரை விழுந்திருச்சு."
என் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் யாரென்று அவருக்கு விளங்கியது.
"சாப்பிட்டிருந்தவனோ?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன்?
"சாப்பிட்டாரும்மா. ரெண்டு பேரும் பாணும் சம்பலும்."

27 ஜூலை
மேடம் ஏன் அழுகிறாய் என்று கேட்டா. எந்தப் பாஷையில சொல்ல?

2 ஓகஸ்ட், வெள்ளி
கார்மேகம் கண்டதை எழுதி அவன் படத்தின் கீழ் ஒட்டியிருக்கிறார்கள். ஆனந்தராசா தம்பி வாசித்துக் காட்டினார். சரி என்றேன்.
ஊரில் என் தம்பிக்குக் கடிதம் போட்டேன், கீரிமலையில் தயாபரனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யச் சொல்லி. ஐயர் திதி கேட்பார். அந்தத் திங்கட்கிழமைத் திகதியை எழுதி அனுப்பியிருக்கிறேன்.